பாய்லருக்குப் பதில் என்ன? வீட்டுச் சூடேற்றம் பற்றி வாசகர் கேள்விகள்

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் முறையை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பாய்லர் என்பது நீரைச் சூடாக்கி, அறைகளில் மாட்டிய ரேடியேட்டர் என்ற சூட்டுப் பலகைகளுக்குக் குழாய் வழியே அனுப்பும் இயந்திரம். ‘யூனிட்’ என்று வரும் இடமெல்லாம் 1 கிலோவாட் மணி என்று கொள்க. மின்சாரத்துக்கும் அதே அளவுகோல்தான், கேஸுக்கும் எண்ணெய்க்கும் அதே அளவுகோல்தான்.

கேள்வி: நன்றாக ஓடும் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் (வெளியே உள்ள சூட்டை எடுத்து வீட்டுக்குள் தரும் மின் இயந்திரம்), மரத்தூள் பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு எரிகுச்சிகள்) என்று மாறுகிறார்களே, உண்மையில் எதற்காக? பூமியைக் காப்பாற்றவா, மானியம் வருகிறது என்பதாலா?

பதில்: கேட்டால் இரண்டையும் சொல்வார்கள். இரண்டும் பொய் இல்லை. ஆனால் நன்றாக ஓடும் பாய்லரை யாரும் லேசில் கழற்றுவதில்லை. மாற்றம் நடப்பது பெரும்பாலும் நான்கு சமயங்களில்: பாய்லர் செத்துப்போனபோது, எரிபொருள் விலை திடீரென்று ஏறியபோது, வீட்டைப் பிரித்து மராமத்து செய்யும்போது, சட்டம் வழியை அடைத்தபோது. அக்கறையும் மானியமும் அந்தச் சமயத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்பதைத் தீர்மானிக்கின்றன.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. சூரிச் நகர மன்றக் கட்டடத்தில் 1938இலேயே ஹீட் பம்ப் வைத்தார்கள். பக்கத்தில் ஓடும் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து சூட்டை எடுத்தது அது. அன்று பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சே இல்லை. நிலக்கரியை வெளியிலிருந்து வாங்கியாக வேண்டிய நாடு என்பதுதான் கவலை. 1973 எண்ணெய் நெருக்கடி சுவீடனை எண்ணெய்ச் சூடேற்றத்திலிருந்து விலக வைத்தது. 1991இல் வந்த கார்பன் வரி அந்தப் போக்கை உறுதிப்படுத்தியது. உக்ரைன் போரை அடுத்து 2022இல் கேஸ் விலை எகிறியபோது ஐரோப்பாவில் ஹீட் பம்ப் விற்பனையும் எகிறியது; விலை தணிந்ததும் விற்பனையும் தணிந்தது. சட்டத்தின் பங்கும் உண்டு. டென்மார்க் 2013 முதல் புதுக் கட்டடங்களில் எண்ணெய், கேஸ் பாய்லர்களை நிறுத்தியது. நார்வே 2020 முதல் வீட்டைச் சூடாக்கக் கனிம எண்ணெய் எரிப்பதையே தடை செய்தது.

இதில் சிக்கல் எங்கே என்றால், பாய்லர் சாவது பெரும்பாலும் கடுங்குளிரில்தான். வீட்டில் குழந்தை இருக்கும், வெந்நீர் இருக்காது. பழகிய பிளம்பர் மறுநாளே அதே மாதிரி பாய்லரைக் கொண்டுவந்து மாட்டிவிடுவார். ஹீட் பம்புக்கோ வெப்ப இழப்புக் கணக்கு, மின் இணைப்பு அனுமதி, மானிய விண்ணப்பம் என்று வாரக்கணக்கில் வேலை இருக்கிறது. எனவே மாற விரும்பியவர்களிலும் பலர் மாறாமல் போகிறார்கள். மாறியவர்களில் பெரும்பாலோர் பழையது சாகும் முன்பே கணக்குப் போட்டு வைத்தவர்கள்.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். கேஸ் குழாய் எட்டாத இடங்களில் எண்ணெயோ சிலிண்டரோ நேரடி மின் ஹீட்டரோதான் போட்டி. அங்கே ஹீட் பம்ப் எளிதாக வெல்கிறது. வாடகை வீடுகளில் எதிர்மாறு. இயந்திரத்துக்குப் பணம் போடுபவர் உரிமையாளர், பில் குறைந்து பயன் பெறுபவர் குடியிருப்பவர். அந்த முடிச்சு அவிழாதவரை அங்கே பாய்லர்தான் ஓடும்.

கேள்வி: 1 யூனிட் மின்சாரம் கொடுத்தால் 3 யூனிட் சூடு வரும் என்கிறார்கள். ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறதே? வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால் காற்றில் சூடு ஏது?

பதில்: ஏமாற்று இல்லை. ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் நமக்குத்தான் குளிர். முற்றிலும் சூடில்லாத நிலை மைனஸ் 273. இயந்திரத்துக்குள் சுற்றிச் சூட்டைச் சுமக்கும் திரவமாக இப்போது பலவற்றில் வரும் ஆர்290, அதாவது புரோப்பேன், மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிப்பது. மைனஸ் 10 டிகிரிக் காற்றுகூட அதற்கு அடுப்புதான். கொதித்து ஆவியானதைக் கம்ப்ரசர் அமுக்கச் சூடு ஏறும். அந்தச் சூட்டை வீட்டு நீருக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது வெளிக்காற்றுக்கும் ரேடியேட்டருக்குப் போகும் நீருக்கும் உள்ள வெப்பநிலை இடைவெளி. வெளியே 0 டிகிரி, போகும் நீர் 35 டிகிரி என்றால் கோட்பாட்டு உச்சவரம்பு 308ஐ (நீரின் 35 + 273) இடைவெளியான 35ஆல் வகுத்தது, சுமார் 8.8. நடைமுறை இயந்திரம் இதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும். 4 என்று வையுங்கள். அதே குளிரில் போகும் நீர் 55 டிகிரி என்றால் உச்சவரம்பு 6, கையில் கிடைப்பது 2.7 அளவு. வெளிக்குளிர் உங்கள் கையில் இல்லை. நீரின் வெப்பநிலை உங்கள் கையில் இருக்கிறது. கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவைதான்.

கேள்வி: என் வீட்டில் பில் குறையுமா, கூடுமா? இயந்திரம் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு, ஒரு வகுத்தல் போதும். மின்சார யூனிட் விலையை கேஸ் யூனிட் விலையால் வகுங்கள். வந்ததை உங்கள் பாய்லரின் திறனால், அதாவது நல்ல கண்டன்சிங் பாய்லர் (புகையோடு போகும் நீராவியின் சூட்டையும் மீட்கும் வகை) என்றால் 0.9ஆல், பெருக்குங்கள். மின்சாரம் கேஸைப் போல் 3 மடங்கு விலை என்றால் விடை 2.7. ஆண்டு முழுவதற்குமான சராசரியில் ஹீட் பம்ப் 1 யூனிட்டுக்கு 2.7 யூனிட்டுக்கு மேல் தந்தால் பில் குறையும், கீழே போனால் கூடும். 4 மடங்கு என்றால் 3.6 தேவை, அதை எட்ட வீடும் வேலையும் சுத்தமாக இருக்க வேண்டும். நேரடி மின் ஹீட்டரிலிருந்து மாறுபவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், எப்படியும் லாபம்.

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போடும் எண் பெரும்பாலும் வெளியே 7 டிகிரி, நீர் 35 டிகிரி நிலைக்கானது. அதை நம்பாதீர்கள். 55 டிகிரி நீருக்கான பருவச் சராசரி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சமையலும் மின்சாரத்துக்கு மாறினால் கேஸ் இணைப்பையே துண்டித்து அதன் நிலைக்கட்டணத்தை மிச்சப்படுத்தலாம். பலர் இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். கூரைச் சோலார் பேனலை மட்டும் இந்தக் கணக்கில் தாராளமாகச் சேர்க்காதீர்கள். வெயில் குறைவான மாதங்களில்தான் சூடு அதிகம் தேவைப்படுகிறது.

கேள்வி: எங்களுடையது பழைய வீடு, ரேடியேட்டர்களும் பழையவை. ‘உங்கள் வீட்டுக்கு ஹீட் பம்ப் சரிப்படாது’ என்று ஒருவர் சொல்லிவிட்டார். தரையடிச் சூடேற்றம் இருந்தால்தான் முடியுமா?

பதில்: தரையடிக் குழாய் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முடியாது என்பது தவறு. சரிப்படுமா என்பதைச் சொல்ல வேண்டியது உங்கள் வீடு. நல்ல குளிர் அடிக்கும் வாரத்தில் இப்போதுள்ள பாய்லரில் போகும் நீரின் வெப்பநிலையை 50 டிகிரிக்குக் குறையுங்கள். (பாய்லரில் இரண்டு திருகிகள் இருக்கும்; ரேடியேட்டருக்கானதை மட்டும் தொடுங்கள், வெந்நீருக்கானதை விட்டுவிடுங்கள்.) தெர்மோஸ்டாட்டை (அறை வெப்பநிலையைக் குறிக்கும் கருவி) மாற்றாமல் இரண்டு மூன்று நாள் விடுங்கள். எல்லா அறைகளும் 20 டிகிரியில் நின்றால் வீடு தயார். ஒரே ஒரு அறை மட்டும் குளிர்ந்தால் அந்த அறையின் ரேடியேட்டரை மாற்றினால் போதும். கண்டன்சிங் பாய்லர் வைத்திருப்பவருக்கு இந்தச் சோதனையில் ஒரு உபரி லாபம்: கேஸ் செலவே கொஞ்சம் குறையும்.

ஏன் ரேடியேட்டர் பெரிதாக வேண்டும்? ரேடியேட்டரின் அச்சிட்ட திறன், அறையைவிட 50 டிகிரி கூடுதல் சூட்டில் அளந்தது. போகும் நீர் 55, திரும்பும் நீர் 50 என்றால் அதில் 57 விழுக்காடுதான் கிடைக்கும். 45க்கு 40 என்றால் 35 விழுக்காடு. அதாவது 1,000 வாட் என்று எழுதிய ரேடியேட்டர் 350 வாட் தரும். இதற்குச் சுவரெல்லாம் ரேடியேட்டர் மாட்ட வேண்டாம். ஒற்றைப் பலகை ரேடியேட்டர் இருந்த அதே நீளத்தில் இரட்டை, மூன்று பலகை கொண்டது மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது வெப்ப இழப்பு. பரப்பையும், அந்தப் பொருள் சூட்டைக் கசியவிடும் அளவையும், உள்வெளி வெப்பநிலை வித்தியாசத்தையும் பெருக்கினால் வாட் கணக்கு வரும். உள்ளே 20, வெளியே மைனஸ் 5 என்று வைத்தால் வித்தியாசம் 25. காப்பு (சூடு கசியாமல் தடுக்கும் அடுக்கு) இல்லாத 100 சதுர மீட்டர் செங்கல் சுவர், கசிவு எண் 1.5: இழப்பு 3,750 வாட். காப்பு போட்டு 0.3 ஆக்கினால் 750. காப்பில்லாத 60 சதுர மீட்டர் மேல்தளம், கசிவு எண் 2: 3,000 வாட், 30 செ.மீ. கம்பளிக் காப்பு விரித்தால் 225 வாட்டுக்கு இறங்கும். 300 கன மீட்டர் வீட்டின் காற்று மணிக்கு ஒருமுறை முழுதாக மாறினால் 0.33 × 300 × 25, அதாவது சுமார் 2,500 வாட் வெளியே போகிறது. கதவிடுக்கையும் ஜன்னலிடுக்கையும் அடைத்து அதைப் பாதியாக்கலாம். செலவு குறைவு, பலன் அதிகம் என்ற வரிசையில் இடுக்கு, மேல்தளம், பிறகுதான் சுவர், ஜன்னல். காற்றை முழுதாக அடைத்துவிடவும் கூடாது. ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

எல்லாக் காப்பும் முடியும்வரை ஹீட் பம்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மேல்தளமும் இடுக்குகளும் மட்டும் இயந்திரத்தின் அளவைத் தீர்மானிக்கும் முன் முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் வந்து சேரும்.

அளவைச் சரிபார்க்க இன்னொரு குறுக்குவழி: ஆண்டுக்கு 2,000 லிட்டர் எண்ணெய் எரித்தால் அது 20,000 யூனிட். பழைய பாய்லரின் திறன் 85 விழுக்காடு என்றால் வீட்டுக்கு வந்தது 17,000. முழுச் சுமை நேரம் என்று 2,000 மணியால் வகுத்தால் 8.5 கிலோவாட். இது மிதமான குளிருக்கான தோராயம்தான். ஆனால் வெறும் பரப்பளவைக் கேட்டுவிட்டு 16 கிலோவாட் இயந்திரம் எழுதிக் கொடுக்கும் ஆளைத் திருப்பி அனுப்ப இந்தத் தோராயமே போதும்.

குழாய் விட்டம் பற்றி யாரும் பேசுவதில்லை. பாய்லரில் போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 20 டிகிரி வித்தியாசம். 1 கிலோவாட்டுக்கு மணிக்கு 43 லிட்டர் ஓடினால் போதும். ஹீட் பம்பில் வித்தியாசம் 5 டிகிரி. அதே சூட்டுக்கு 172 லிட்டர் ஓட வேண்டும். 8 கிலோவாட்டுக்கு மணிக்கு சுமார் 1,380 லிட்டர். 22 மி.மீ. செம்புக் குழாயில் இது நொடிக்கு 1.2 மீட்டர் வேகம். சத்தம் வரும், பம்ப் திணறும். 28 மி.மீ. என்றால் 0.7 மீட்டர், நிம்மதி. ஆகவே பிரதான குழாயை மட்டுமாவது பெரிதாக்கச் சொல்லுங்கள். மெல்லிய 10 மி.மீ. குழாய்கள் பதித்த வீடுகளில் கூடுதல் கவனம் தேவை.

கேள்வி: ஹீட் பம்ப் வைத்து ஒரு குளிர்காலம் முடிந்தது. மின் பில் நினைத்ததைவிட மிக அதிகம். இயந்திரம் பழுதா?

பதில்: பெரும்பாலும் இயந்திரம் நன்றாக இருக்கும், அமைப்புதான் தவறாக இருக்கும். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பேக்கப் ஹீட்டர். உள்ளே 3 அல்லது 6 கிலோவாட் மின் ஹீட்டர் ஒன்று ஒளிந்திருக்கும். அது வேலை செய்தால் 1 யூனிட்டுக்கு 1 யூனிட்தான். எந்த வெளிவெப்பநிலைக்குக் கீழே அது இயங்கலாம் என்பதை கன்ட்ரோலரில் பாருங்கள். 5 டிகிரி என்று வைத்திருந்தால் உங்கள் பில்லுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

அடுத்து ஹீட்டிங் கர்வ் என்ற வளைகோடு. வெளிக்குளிர் கூடக்கூட நீரை எவ்வளவு சூடாக்குவது என்பதை அது சொல்கிறது. மாட்டிய ஆள் புகார் வரக்கூடாது என்று தாராளமாக வைத்துவிட்டுப் போயிருப்பார். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 1 டிகிரி குறையுங்கள்; அறை குளிர ஆரம்பித்ததும் ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் மின்சாரத்தில் 2 விழுக்காடு அளவுக்கு மிச்சம்.

மூன்றாவது, அறைகளில் உள்ள ரேடியேட்டர் வால்வுகள். பாய்லர் பழக்கத்தில் ஆளில்லாத அறைகளை மூடி வைப்பீர்கள். நீர் ஓடும் வழி குறைந்து கம்ப்ரசர் சில நிமிடத்துக்கொருமுறை நின்று நின்று ஓடும். மின்சாரமும் வீண், கம்ப்ரசர் ஆயுளும் குறையும். பெரும்பாலான வால்வுகளை முழுதாகத் திறந்துவிட்டு, சூட்டைக் கர்வ் மூலம் கட்டுப்படுத்துங்கள். இரவில் அணைத்துக் காலையில் ஓட்டுவதும் அதே பழக்கத்தின் பிழை. விட்டதைப் பிடிக்க இயந்திரம் அதிகாலைக் கடுங்குளிரில் அதிகச் சூட்டில் ஓட வேண்டியிருக்கும். இரவில் 1, 2 டிகிரி இறக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இயந்திரத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நான்கு குழாய் பஃபர் தொட்டி (சூடான நீரை இடையில் தேக்கி வைப்பது) இருந்தால் போகும் நீரும் திரும்பும் நீரும் அதற்குள் கலந்துவிடக்கூடும். இயந்திரம் 48 டிகிரியில் அனுப்ப, ரேடியேட்டருக்கு 43தான் போகும். இரண்டு பக்கமும் குழாயைத் தொட்டோ ஒட்டும் வெப்பமானி வைத்தோ கண்டுபிடிக்கலாம். இரு பக்கப் பம்புகளின் ஓட்டத்தைச் சமன் செய்ய வேண்டும். திரும்பும் குழாயில் உள்ள வடிகட்டியையும் திறந்து பாருங்கள். பழைய ரேடியேட்டரின் கறுப்புக் கசடு முதல் குளிர்காலத்திலேயே அதை அடைத்திருக்கும்.

வெந்நீர்த் தொட்டியை நாள் முழுதும் 60 டிகிரியில் வைக்காதீர்கள். பகலில் ஒருமுறை 50க்கு ஏற்றினால் போதும். 20 முதல் 45 டிகிரி வரை நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும் என்பதால் வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றும் அமைப்பை மட்டும் விட்டுவையுங்கள்.

குளிர்ந்த ஈரக் காற்றில் வெளிப்பெட்டி மேல் பனி படிவதும், சில நிமிடம் அது எதிர்த்திசையில் ஓடி ஆவி பறக்கப் பனியை உருக்குவதும் பழுது அல்ல. உருகிய நீர் போக ஜல்லிக்குழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நடைபாதையில் வடிந்தால் உறைந்து ஆளை விழவைக்கும்.

கேள்வி: மின்சாரத்தையே நம்பியிருக்க விருப்பமில்லை. பெல்லட் பாய்லர் எப்படி?

பதில்: ரேடியேட்டரையோ குழாயையோ தொடாமல் 70 டிகிரி நீர் வேண்டும் என்ற பெரிய பழைய வீட்டுக்கு நல்ல தேர்வு. ஆனால் பம்பும், பெல்லட்டை எரிகலனுக்குள் தள்ளும் திருகுத் தள்ளியும், தீமூட்டியும் மின்சாரத்தில்தான் ஓடும். மின்வெட்டில் அதுவும் நிற்கும். 1 கிலோ பெல்லட்டில் சுமார் 4.8 யூனிட். வீட்டுக்கு 15,000 யூனிட் சூடு தேவை, பாய்லர் திறன் 85 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 3.7 டன், அதை வைக்க 5.7 கன மீட்டர் இடம், அதுவும் ஈரம் எட்டாத இடம். 6 மி.மீ. விட்டம், ஈரம் 10 விழுக்காட்டுக்குள், சாம்பல் 0.7 விழுக்காட்டுக்குள் என்று தரச்சான்று உள்ளதையே வாங்குங்கள். மலிவுச் சரக்கில் சாம்பல் உருகிக் கட்டியாகி எரிகலனை அடைக்கும். தூள் அதிகமானால் திருகுத் தள்ளி சிக்கும்.

இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: மூடிய கிடங்கில் பெல்லட் சும்மா இருக்கும்போதே கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். மணம் கிடையாது. கிடங்கில் இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். கிடங்குக்கு வெளிக்காற்றுத் துளை கட்டாயம். புதிதாக நிரப்பிய பிறகு கதவைத் திறந்து நன்றாகக் காற்றாடவிட்டு, எச்சரிக்கைக் கருவியோடு, வெளியே இன்னொருவர் நிற்கும்போதுதான் உள்ளே நுழைய வேண்டும்.

கேள்வி: கூரையில் சூரிய வெந்நீர்க் கலம் வைத்து வீட்டையே சூடாக்கலாமா?

பதில்: வெந்நீருக்கு நல்லது, வீட்டுக்குப் போதாது. ஆளுக்கு 1 முதல் 1.5 சதுர மீட்டர், நால்வருக்கு 300 லிட்டர் தொட்டி என்பது வழக்கமான கணக்கு. வீட்டையும் சூடாக்கலாம் என்று பரப்பை இரட்டிப்பாக்கினால் கோடையில்தான் தொல்லை. யாரும் வெந்நீர் எடுக்காதபோது வெற்றிடக் குழாய்க் கலம் 200 டிகிரி தாண்டும். உறையாமல் இருக்க நீரில் கலந்த கிளைக்கால் என்ற திரவம் கருகிப் பழுப்பாகி அமிலமாகும். இரண்டு ஆண்டுக்கொருமுறை அதன் பி.எச். பாருங்கள், 7க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஹீட் பம்ப் சூட்டை எடுப்பது காற்றிலிருந்தா, நிலத்திலிருந்தா? எது மேல்?

பதில்: நிலம் ஆண்டு முழுதும் நிலையானது, 10, 15 மீட்டர் ஆழத்தில் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைதான் இருக்கும். கடுங்குளிரிலும் திறன் சரியாது, வெளியே மின்விசிறிச் சத்தம் இல்லை. விலை துளையிடுவதில் போகிறது. 8 கிலோவாட் இயந்திரம் நிலத்திலிருந்து 6 கிலோவாட் எடுக்கும். மீட்டருக்கு 50 வாட் என்று கொண்டால் 120 மீட்டர் ஆழம். காய்ந்த மணலில் இதைவிட ஆழம் வேண்டும், ஈரப்பாறையில் குறைவாகப் போதும். செலவைக் குறைக்க 80 மீட்டரோடு நிறுத்தினால் ஆண்டுக்காண்டு துளையைச் சுற்றி மண் குளிர்ந்துகொண்டே போகும், திறனும் கூடவே இறங்கும். தோட்டத்தில் 1.2 மீட்டர் ஆழத்தில் குழாய் விரிப்பதானால் சுமார் 240 சதுர மீட்டர் தேவை. அதன்மேல் காங்கிரீட் போடக்கூடாது. வெயிலும் மழையும்தான் அந்த மண்ணை மறுபடி சூடாக்குகின்றன.

துளையிட வசதியும் நீண்ட காலம் அதே வீட்டில் இருக்கும் எண்ணமும் இருந்தால் நிலம். மற்றவர்களுக்குக் காற்று.

கேள்வி: எங்கள் பாய்லருக்கு 14 வயது. இன்னும் ஓடுகிறது. இப்போதே மாற்றவா, காத்திருக்கவா?

பதில்: ஓடட்டும், ஆனால் அது நின்றால் மறுவாரமே வேலை தொடங்கும் நிலையில் இருங்கள். இந்தக் குளிர்காலத்திலேயே 50 டிகிரிச் சோதனையைச் செய்து, குளிரும் அறைகளின் ரேடியேட்டரை மட்டும் மாற்றுங்கள். மேல்தளக் காப்பைப் போடுங்கள். அறைவாரியாக வெப்ப இழப்புக் கணக்கு எழுதித் தருபவரிடம் விலைப்பட்டியல் வாங்குங்கள். கணக்கு இல்லாத பட்டியலை ஏற்க வேண்டாம். குளியலறையையோ சமையலறையையோ பிரிக்கும் எண்ணம் இருந்தால் 28 மி.மீ. குழாயும், 250 லிட்டர் வெந்நீர்த் தொட்டிக்கு இடமும் அந்த வேலையோடு முடித்துவிடுங்கள். வெளிப்பெட்டிக்கு இடம் குறியுங்கள்: படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வேண்டாம், இரு சுவர் சேரும் மூலையும் வேண்டாம், அங்கே ஒலி எதிரொலித்துப் பெருகும். நீர்க்குழாய் வெளியே ஓடும் வகை இயந்திரமானால், மின்சாரம் போகும் இரவில் குழாய் உறையாமல் இருக்கத் தானே திறந்து நீரை வெளியேற்றும் வால்வு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எலக்ட்ரீஷியனை அழைத்துப் பிரதான ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று கேட்பதை முதலில் செய்யுங்கள். அதைக் கூட்ட வேண்டியிருந்தால் மின் நிறுவனத்தின் அனுமதிக்கு ஆகும் காலம் உங்கள் கையில் இல்லை.